அறுபடாத கோடு

எனக்கு நீச்சல் தெரியாது. அறுபத்துநான்கு வயதுக்கு மேல் கற்றுக்கொள்கிற உத்தேசமும் இல்லை. நீச்சல் குளத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்போகிறவன் இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை என்று பட்டது, இன்ஸ்பெக்டர் மேடம்.

நீங்கள் கேட்டது இரண்டு பக்கக் குறிப்பு. "சார், நீங்க இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லைன்ல இருந்தவரு. அந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க, கோர்ட்டுக்குத் தேவைப்படும்" என்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள். சாவித்ரி கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்தீர்கள். யூனிஃபார்மில் வருகிறவர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் மேடவாக்கம் குடியிருப்பின் குளத்தில் விஷவாயு கிளம்பி, விஷ்ணுப்ரியா என்ற ஒன்பது வயதுப் பெண் இறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தசரதன் அன்றைக்கே கைதாகி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காவலோடு கிடந்து, இப்போது சிறையில் இருக்கிறான். ஆசிட்டையும் குளோரினையும் தப்பாகக் கலந்துவிட்டான் என்பது வழக்கு. அவன் கலக்கவில்லை. இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கு அது விளங்கிவிடும்.

என் பெயர் தோத்தாத்ரி. வடசென்னையில் ஒரு ஆலையில் முப்பத்தோரு வருஷம் அளவுக் கருவிகளோடு காலம் தள்ளியவன். இப்போது பி பிளாக் நாலாவது மாடியில் மனைவி சாவித்ரியோடும் பேரன் அனிருத்தோடும் இருக்கிறேன். மகனும் மருமகளும் இதே வீடுதான் என்றாலும் ஓ.எம்.ஆர். ஐ.டி. வேலை அவர்களை எட்டு மணிக்குக் கொண்டுபோய் எட்டு மணிக்குத்தான் திருப்பித் தரும். அனிருத்துக்குப் பத்து வயது. அவனை வளர்ப்பது நாங்கள்தான்.

எங்கள் குடியிருப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரே ஒரு வாட்ஸாப் குழு. நாய் படிக்கட்டில் அசிங்கம் பண்ணியது, கார் கோட்டுக்கு வெளியே நின்றது, டேங்கர் லாரி விடிகாலையில் ஹாரன் அடித்தது என்று நாள் முழுக்க யாராவது யாரையாவது வறுத்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். ரிடையர் ஆன பிறகு நான் அதில் போட்டதெல்லாம் காலை வணக்கப் படங்கள். ஒருவரும் பதில் போட்டதில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

தசரதன் இரும்புலியூர்க்காரன். ஐம்பது வயதிருக்கும். தினமும் தாம்பரம் வந்து பஸ் மாறி ஐந்தரைக்கெல்லாம் குளத்தடியில் நிற்பான். தண்ணீரைச் சுத்தம் செய்வது, மோட்டார் போடுவது, குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவனே. அவன் மருந்து போடுகிற முறை எனக்குச் சகிக்காது. உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி மோந்து பார்ப்பான். சின்னக் குப்பியில் இரண்டு சொட்டு விட்டு நிறம் பார்ப்பான். பிறகு ஒரு மக்கில் குளோரினும் இன்னொரு நாள் ஆசிட்டும் கணக்கில்லாமல் சாய்ப்பான். எப்படி இவ்வளவு என்று தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "மூக்கு சொல்லும் சார்" என்றான். கேலி செய்கிறானோ என்று பார்த்தேன், செய்யவில்லை.

போன மே மாதம் டேங்கர் தண்ணீர் மாறி, குளம் பச்சை கட்டியது. குழந்தைகளுக்குக் கண் சிவந்தது. குழுவில் நூற்றுக்கு மேல் மெசேஜ். அப்போதுதான் நான் தானியங்கிக் கண்ட்ரோலர் பற்றி எழுதினேன். தண்ணீரை அதுவே அளக்கும், எது குறைகிறதோ அதை அதுவே ஊற்றும், மனிதர் கையே வேண்டாம் என்று எழுதினேன். செயலாளர் ஷ்யாம்சுந்தர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "சூப்பர் அங்கிள், நீங்களே ஓனர்ஷிப் எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

இப்போது நீங்கள் கேட்ட பகுதி. பம்ப் அறைச் சுவரில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதுதான் கண்ட்ரோலர். குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குடுவை வழியாக ஓடும்படி செய்திருக்கும். குடுவையில் பேனா போல இரண்டு கம்பிகள் முங்கியிருக்கும். ஒன்று புளிப்பை அளக்கும், மற்றது குளோரினின் வீரியத்தை அளக்கும். கீழே இரண்டு கேன்கள், ஒன்றில் ஆசிட், ஒன்றில் குளோரின். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பம்ப். குடுவையில் எண் குறைந்தால் பெட்டி குட்டிப் பம்பை ஓட்டும். மருந்து பெரிய குழாயில் சொட்டி, ஓடுகிற தண்ணீரோடு கரைந்து குளத்துக்குப் போகும். ஓடுகிற தண்ணீர் என்பதுதான் முக்கியம். தண்ணீர் ஓடாமல் நின்றால் இரண்டு மருந்தும் குழாய்க்குள் ஒன்றையொன்று சந்திக்கும். சந்தித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கம்பெனியிலிருந்து சாலமன் என்ற டெக்னீஷியன் வந்து இரண்டு நாள் இருந்து பொருத்திக்கொடுத்தான். பாக்கெட்டில் வந்த அளவுத் திரவத்தில் கம்பிகளை முக்கி எண்ணைச் சரிசெய்வதை நான்தான் செய்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். என் கை நடுங்கவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு கருவியைத் தொடுகிறேன். பெட்டிக்குக் கரண்ட்டைப் பெரிய மோட்டாரின் பலகையிலிருந்தே எடுத்தான், மோட்டார் நின்றால் பெட்டியும் நின்றுவிடும் என்று. அது போதாதென்று குழாயில் ஒரு ஸ்விட்சும் வைத்தான். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. ஓடவில்லையென்றால் மருந்தை நிறுத்தி, பெட்டி கத்தும். "சார், வேற எதுல வேணா கை வைங்க, இந்த ரெண்டு ஒயர்ல மட்டும் வேணாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சின்னப் பையனுக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னது பிடிக்கவில்லை.

கண்ட்ரோலர் தான் அளந்ததையெல்லாம் கைப்பேசிக்கு ஒரு வரைபடமாக அனுப்பும். ஒரு நாளுக்கு ஒரு கோடு. அதுவரை பாம்பு போல நெளிந்த தண்ணீர், பெட்டி வந்த பத்தாவது நாள் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடாக நின்றது. அதைக் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தெட்டுக் கட்டைவிரல்கள். லிஃப்டில் பார்த்தவர்கள் "அங்கிள், வாட்டர் க்ளாஸ் மாதிரி இருக்கு" என்றார்கள். அன்று முதல் தினமும் காலை ஆறு மணிக்கு முந்தின நாள் கோட்டைப் போடுவது என் வேலையாயிற்று. பல் தேய்ப்பதற்கு முன்பே போடுவேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் மேடவாக்கத்தில் கரண்ட் போகும். பெரும்பாலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எங்கள் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும்தான். குளத்து மோட்டார் நின்றுவிடும், கண்ட்ரோலரும் அணைந்துவிடும், கோட்டில் ஒரு ஓட்டை விழும். ஏ பிளாக் வைத்தீஸ்வரன் என்று ஒருவர், அந்த ஓட்டையைச் சிவப்பில் வட்டம் போட்டு "திஸ் ஈஸ் ஆட்டோமேட்டிக்கா?" என்று குழுவில் கேட்டார். கூடவே சிரிக்கிற பொம்மை. மறுநாளே பெட்டியை கிளப் ஹவுஸ் யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றிவிட்டேன். இனி கரண்ட் போனாலும் பெட்டி விழித்திருக்கும்.

விழித்திருந்த பெட்டி தண்ணீர் ஓடவில்லை என்று கத்தியது. கத்தின நேரமெல்லாம் கோட்டில் சிவப்பாக விழுந்தது. ஓட்டையைவிட அது அசிங்கம். சாலமன் சொன்ன அந்த இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு ஒயரைச் செருகினேன். இப்போது பெட்டிக்குத் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். இரண்டு நிமிட வேலை. கோடு கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் அறுபடவில்லை.

தசரதனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கரண்ட் போன மறுகணம் ஓடிவந்து இரண்டு கேன்களின் வால்வையும் மூடுவான். கரண்ட் வந்ததும் குழந்தைகளைக் கரையேற்றி உட்காரவைத்து, மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட்டி, மோந்து பார்த்து, பிறகுதான் இறங்கவிடுவான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெட்டி வந்த நாளிலிருந்து இப்படித்தான். வால்வை மூடியதால் மருந்து போகாமல் கோட்டில் பள்ளம் விழுந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"கரண்டு பூட்ச்சினா மருந்து நிக்கணும் சார். தண்ணி நின்னுகினு கீது, மருந்து மட்டும் போய்க்கினே இருந்தா இன்னா ஆவறது?"

"அதெல்லாம் மெஷின் பார்த்துக்கும் தசரதா. உனக்கு மேல அதுக்குத் தெரியும்."

"தெரியும் சார். ஆனா அதுக்கு மூக்கு இல்லயே சார்."

பம்ப் அறையில் கேன்களையும் குட்டிப் பம்புகளையும் சுற்றிக் கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டினேன். சாவி என்னிடம். வாரத்துக்கு ஒருமுறை நானே கேன் மாற்றினேன். குழந்தைகளைக் கரையேற்றுவது பற்றி ஏற்கெனவே பெற்றோர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு மணி வகுப்பில் கால் மணி கரையில் போகிறதென்று. அதைக் கமிட்டியில் வைத்தேன். கண்ட்ரோலர் இருக்கும்போது கரையேற்ற அவசியமில்லை என்று தீர்மானம் ஆயிற்று. தமிழில் எழுதி பம்ப் அறைக் கதவில் நானே ஒட்டினேன். அதற்கு மறுநாளை முதல் நாளாக வைத்து, நூறு நாள் அறுபடாத கோடு காட்டுவேன் என்று குழுவில் அறிவித்தேன்.

நாற்பத்தோராம் நாள் மதியம் கரண்ட் போய் இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. குளத்தில் யாருமில்லை. தசரதன் சாப்பிடப் போயிருந்தான். நானே போய் மோட்டார் பட்டனை அழுத்திவிட்டுக் கரையில் வந்து நின்றேன். ஆழம் குறைந்த பக்கம் சுவரில் இருக்கிற ஓட்டைகள் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வரும். அதிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. மேலே வெளுத்த மஞ்சளும் பச்சையுமாக ஏதோ பரவி, காற்றில் என் பக்கம் திரும்பியது. பிறகு நான் செடிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் இருமினேன். சாவித்ரியிடம் தூசி அலர்ஜி என்றேன். அவள் மஞ்சள் போட்டுப் பால் கொடுத்தாள்.

அன்றைக்கே அந்தத் துண்டு ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பிடுங்கினால் சிவப்பு விழும். நாற்பது நாள் போய்விடும். வைத்தீஸ்வரன் வட்டம் போடுவார். அதற்குப் பதிலாக நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம்வரை ஒன்றும் ஆகாது. இருபதுவரை வாசனை மட்டும் வரும். எங்கள் பக்கம் அதற்குமேல் போவது அபூர்வம். அன்றிலிருந்து கரண்ட் போனால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அனிருத் தண்ணீரில் இருக்கிறானா என்றும் பார்ப்பேன். இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி மேலே கூப்பிட்டுக்கொள்வேன். இப்படி ஐந்தாறு முறை. அவனுக்குச் சளி பிடிக்கிற உடம்பு என்று குழுவிலேயே ஒருமுறை எழுதிவைத்தேன். அவனுக்குச் சளியே பிடிக்காது மேடம். கல்லு மாதிரிப் பையன்.

தொண்ணூற்றேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரப் புதன்கிழமை நூறாம் நாள். அன்று பக்கத்து நான்கு குடியிருப்புகளின் சங்கத்தார் கண்ட்ரோலரைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட நூறு நாள் கோட்டையும் ஒரே நீளத் தாளில் அச்சடிக்கக் கொடுத்திருந்தேன்.

காலை ஆறு நாற்பத்துமூன்றுக்குக் கரண்ட் போயிற்று. தண்ணீரில் ஏழு குழந்தைகள். அவர்களில் ஒருவன் அனிருத். நான் பால்கனியில் காப்பியோடு நின்றிருந்தேன். குளம் எங்களுக்கு நேர் கீழே. கைப்பேசியில் பார்த்தேன், இரண்டு குட்டிப் பம்பும் ஓடிக்கொண்டிருந்தன. குடுவையில் நின்றுபோன தண்ணீர், எவ்வளவு ஊற்றினாலும் எண் ஏறவில்லை. ஏறாததால் பெட்டி மேலும் ஊற்றியது. சொன்னதைச் செய்தது.

ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து. ஏழு ஐந்துக்குப் பால்கனியிலிருந்து குரல் கொடுத்தேன்.

"அனிருத், மேல வா. பூரி ஆறிடும்."

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தான். சமையல் அறையிலிருந்து சாவித்ரி எட்டிப் பார்த்தாள். "நான் இன்னும் மாவே பிசையலையே. எதுக்கு அவனைக் கூப்பிட்டேள்?" என்றாள். பசிக்கிறது என்றேன். அவள் மாவை எடுத்தாள்.

ஏழு இருபத்தொன்றுக்குக் கரண்ட் வந்தது. அனிருத்தைக் கூப்பிட்டதிலிருந்து அதுவரை பதினாறு நிமிடம் இருந்தது. மற்ற ஆறு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். கூப்பிட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் எல்லாரையும் ஏறச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

கைப்பேசி அடித்தது. தசரதன். குளத்து மோட்டார் தானாக ஓடாது, யாராவது பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். அவன் பம்ப் அறை வாசலில் நிற்பது மேலிருந்து தெரிந்தது. அவன் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான்.

"சார், முப்பத்தெட்டு நிமிசம் ஆயிட்ச்சு சார். பசங்கள மேல ஏத்திட்டு போடட்டா?"

"எதுக்கு? கதவுல ஒட்டியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். மனசு ஒரு மாரி கீது சார். ஒரு அஞ்சு நிமிசம்."

"உன் மனசை வெச்சுக் குளம் நடத்த முடியாது தசரதா. பட்டனைப் போடு."

"சரி சார்" என்றான். உள்ளே போனான். கைப்பேசியில் கோட்டையும் கீழே குளத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் இருந்ததா என்றால் இருந்தது. கூடவே, என் கணக்குச் சரியா என்று பார்க்கிற ஆர்வமும் கொஞ்சம் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் குறிப்பு முழுமையாகாது.

மோட்டார் போடும்போது ஓட்டையிலிருந்து தண்ணீர் வேகமாக வந்து முதுகில் மோதும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு. கரண்ட் வந்தவுடன் அந்த ஓட்டைக்கு முன்னால் நிற்கப் போட்டி போடுவார்கள். எப்போதும் அனிருத்தான் முந்துவான். அன்று அவன் இல்லாததால் அந்த இடம் விஷ்ணுப்ரியாவுக்குக் கிடைத்தது. முதுகைக் காட்டிக்கொண்டு, கையைத் தூக்கி மற்றவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. தசரதன் சட்டையைக் கழற்றிப் பம்ப் அறை ஆணியில் மாட்டியிருந்தான், பனியனோடு குதித்தான். ஐந்து குழந்தைகளை ஒவ்வொருவராகக் கரையில் எறிந்தான். ஐந்து முறை அந்தப் புகைக்குள் போய்வந்தவன், ஆறாம் முறை விஷ்ணுப்ரியாவோடு வந்தான். வந்து படியிலேயே சாய்ந்துவிட்டான்.

நான் இறங்கிப் போனபோது எல்லாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஈரத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு பம்ப் அறைக்குள் போனேன். துண்டு ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். சாலமன் போட்டபடி இரண்டு ஒயரையும் திரும்ப மாட்டினேன். யு.பி.எஸ். இணைப்பைக் கழற்றி மோட்டார் பலகைக்குக் கொடுத்தேன். கூண்டைத் திறந்தேன். ஆணியில் தசரதனின் சட்டை தொங்கியது. சாவியை அதன் பையில் போட்டேன்.

மறுநாள் உங்கள் ஆட்களோடு வந்து பரிசோதித்தவர்கள், கருவி சரியாக இருக்கிறது, தண்ணீர் நின்றால் தானாக நிற்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள். சாவியை முந்தின நாள் தசரதன் கேட்டு வாங்கிக்கொண்டான் என்றேன். போன் பேச்சு டேங்கர் எப்போது வரும் என்பதைப் பற்றி என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரியில் தசரதன் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதாக நீங்களே என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பட்டன் நான்தான் போட்டேன்." அதை நீங்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டீர்கள். அவனும் அப்படித்தான் நினைக்கிறான் என்று படுகிறது.

அவன் மனைவி பச்சையம்மா இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். "சார், அவரு மூணு மாசமா அந்த ஆசிட்டு கேனத் தொட்டதே இல்ல சார். சாவி உங்க கையிலதான கீது. வூட்ல வந்து அதத்தான் சொல்லிகினே இருப்பாரு, சார் பூட்டி வெச்சிட்டாருன்னு. நீங்க படிச்சவரு. போலீசாண்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்க சார்" என்றாள். பார்க்கிறேன் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அப்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. லிஃப்ட் வேலை செய்கிறது, படியில் போகாதே என்று மட்டும் சொன்னேன்.

விஷ்ணுப்ரியாவின் அம்மா ஸ்ரீவித்யா ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். பதினாறாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். லிஃப்டில் என்னோடு வந்தார். "அங்கிள், அவன் ஏன் அப்படிப் பண்ணினான்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நான்கு மாடியும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அனிருத் இப்போதெல்லாம் என்னோடு படுப்பதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "தாத்தா, அன்னிக்குப் பூரியே பண்ணலையே, ஏன் கூப்பிட்ட? என்னை மட்டும் ஏன் கூப்பிட்ட?" என்று கேட்டான். சாவித்ரி பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. தட்டு மட்டும் வேளைக்கு வந்துவிடுகிறது. இதெல்லாம் எனக்குள் எங்கோ தூரத்தில் நடக்கிறது, மேடம். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல. இருபத்தைந்து நாளும் நன்றாகத் தூங்கினேன்.

நேற்றுதான் தூக்கம் போயிற்று. நேற்றுக் காலை நோட்டீஸ் போர்டில் ஷ்யாம்சுந்தர் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பெற்றோர்களின் அச்சத்தைக் கருதி, கோளாறானதும் நம்பத்தகாததுமான தானியங்கிக் கருவியை வரும் ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதென்றும், இனிக் குளத்து மருந்தை ஆள் வைத்துக் கையால் போடுவதென்றும் தீர்மானித்திருக்கிறார்களாம். நான் அங்கேயே நின்று மூன்று முறை படித்தேன். வைத்தீஸ்வரன் அந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, "ஆட்டோமேட்டிக்!" என்று எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இத்தனை நாளில் முதல் தடவை.

ஆகவே ஒளிவு மறைவில்லாமல் எழுதிவிடுகிறேன். தண்ணீர் ஸ்விட்சைச் செயலிழக்க வைத்தவன் நான். கண்ட்ரோலரை யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றியவன் நான். என்ன ஆகும் என்று நாற்பத்தோராம் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்து, என் பேரனை மட்டும் மேலே கூப்பிட்டுக்கொண்டு, ஆறு குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது பட்டனைப் போடச் சொன்னவன் நான். சாவியைச் சட்டைப் பையில் போட்டதும் நான். துண்டு ஒயரை இத்தோடு ஒரு கவரில் வைத்திருக்கிறேன். தொண்ணூற்றேழு நாள் வரைபடமும் இருக்கிறது. அந்த முப்பத்தெட்டு நிமிடத்தை உருப்பெருக்கிப் பார்த்தால் இரண்டு பம்பும் ஓடியது தெரியும். கருவி எதையும் மறைக்கவில்லை.

தசரதனை விடுவிப்பதற்கு உங்களுக்கு என்னென்ன நடைமுறை உண்டோ அதன்படி செய்யுங்கள், அதற்கு நாளாகலாம், எனக்குப் புரிகிறது. என்னை எப்போது வேண்டுமானாலும் வந்து அழைத்துப் போங்கள். ஆனால் ஷ்யாம்சுந்தருக்கு இன்றைக்கே ஒரு போன் செய்துவிடுங்கள் மேடம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்தான். ஒரு தப்பும் செய்யாத கருவியின் மேல் பழியைப் போட்டுத் தூக்கி எறிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற மனுஷன் நான் இல்லை.